சிறு உருண்டைச் செல் கட்டி, பிளாக்கில் மிச்சம் கொஞ்சம்தான்: அடுத்த ஸ்டெயின் எது?

#1 நீலச்செல்
வயது 17. தொடைத் தசைக்குள் 9 செ.மீ. கட்டி, எலும்பைத் தொடவில்லை. 16 கேஜ் ஊசியில் நான்கு கோர் (குச்சி மாதிரித் திசுத்துண்டு), நான்கும் ஒரே பிளாக்கில் (திசுவை மெழுகில் பதித்தது). எச் அண்ட் ஈ-யில் (வழக்கமான அடிப்படை ஸ்டெயின்) ஒரே அச்சில் வார்த்த மாதிரி சிறு உருண்டைச் செல்கள், சைட்டோபிளாசம் கொஞ்சம், இடையிடையே செத்த திசு. முதல் சுற்று ஐ.எச்.சி. (ஆன்டிபாடியால் குறிப்பிட்ட புரதத்தைக் காட்டும் ஸ்டெயின்): சிடி99 செல் சவ்வைச் சுற்றிப் பலமாக, சிடி45 (வெள்ளணு), சைட்டோகெராட்டின் (எபிதீலியம்), டெஸ்மின் (தசை) மூன்றும் நெகட்டிவ். யூயிங் சார்கோமா என்று எழுதிவிடலாமா? மரபணு டெஸ்டுக்கும் அனுப்பவேண்டும், ஆனால் பிளாக்கில் அரை மி.மீ. தடிமன் இருந்தாலே பெரிது. எதை முதலில் போடுவது, எதை விடுவது? கால்நடைப் பக்கம் இருப்பவர்களும் எழுதுங்கள். கொஞ்சம் திசுவை வைத்துக்கொண்டு அரிய கட்டியைப் பிடிக்கும் பாடு அங்கேயும் இதேதான்.

#2 திசுத்தடம்
இப்போதைக்கு எழுதாதீர்கள். நீங்கள் சொன்ன நான்கு ஸ்டெயினையும் அப்படியே காட்டக்கூடிய இன்னொரு நோய் இருக்கிறது: லிம்ஃபோபிளாஸ்டிக் லிம்ஃபோமா (முதிராத வெள்ளணுக்களின் புற்றுநோய்). அதில் சிடி45 நெகட்டிவாக வரலாம், சிடி20-உம் வராமல் போகலாம், சிடி99 யூயிங் போலவே சவ்வில் நிற்கும். எஃப்.எல்.ஐ.1 போட்டுப் பார்த்தாலும் அதுவும் பாசிட்டிவ். இளம் வயதில் எலும்பிலும் மென்திசுவிலும் வரக்கூடியது, சிகிச்சை முற்றிலும் வேறு. ஆகவே அடுத்த ஸ்டெயின் டி.டி.டி. (முதிராத வெள்ளணுவைக் காட்டும்), கூடவே பாக்ஸ்5 (பி செல்), சிடி3 (டி செல்). அரிய கட்டியைத் தேடும் அவசரத்தில் அடிக்கடி தவறுவது இந்த இடத்தில்தான். நெகட்டிவ் சிடி45-ஐ "லிம்ஃபோமா இல்லை" என்று படித்துவிடுகிறோம்.

அவை மூன்றும் நெகட்டிவ் என்றால் என்.கே.எக்ஸ்2.2. யூயிங்கில் அணுக்கருவில் நன்றாக வரும். ஆனால் மீசன்கைமல் கான்ட்ரோசார்கோமாவிலும் வரும். கோர் குருத்தெலும்புப் பகுதியைத் தொடாமல் வந்திருந்தால் ஸ்லைடில் வெறும் உருண்டைச் செல்தான் தெரியும். டெஸ்மின் நெகட்டிவ் என்றாலும், தசைவழிக் கட்டியான ராப்டோமயோசார்கோமாவைத் தவறவிடாமலிருக்க மயோஜெனின் ஒன்று போடுங்கள்.

எச் அண்ட் ஈ-யை ஒருமுறை திரும்பப் பாருங்கள். "ஒரே அச்சில் வார்த்த மாதிரி" என்றால் யூயிங் பக்கம் சாயலாம். அணுக்கருவின் அளவு ஆளுக்கொரு விதமாக இருந்து, நியூக்ளியோலஸ் எடுப்பாகத் தெரிந்து, சிடி99 திட்டுத்திட்டாக மட்டும் வந்தால் சி.ஐ.சி. இணைவுள்ள (அந்த மரபணு உடைந்து இன்னொன்றோடு ஒட்டிய) சார்கோமாவை நினைக்கவேண்டும். அதற்கு டபிள்யூ.டி.1-உம் ஈ.டி.வி.4-உம். உங்களுக்கு சிடி99 பலமாக, பரவலாக இருப்பதால் அதைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

#3 மைக்ரோடோம்
லேப் மேசையிலிருந்து ஒரு வார்த்தை. எந்த ஸ்டெயின் என்ற கேள்விக்கு முன்னால், பிளாக்கை இனி எத்தனை முறை மெஷினில் மாட்டப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு முறை திரும்ப மாட்டும்போதும் முகம் சமனாக வரும்வரை சீவித் தள்ளவேண்டியிருக்கிறது. 80 மைக்ரான் போனது என்று வையுங்கள், 4 மைக்ரான் கணக்கில் அது 20 ஸ்லைடு. மூன்று சுற்றாக ஐ.எச்.சி. கேட்டால், ஸ்டெயினுக்குப் போனதைவிடக் குப்பைக்குப் போனது அதிகமாக இருக்கும்.

ஒரே தடவை மாட்டுங்கள். பிளாக்கை ஐஸில் நன்றாகக் குளிரவையுங்கள், புது பிளேடு போடுங்கள், வாட்டர்பாத்தை வடித்துச் சுத்தம் செய்யுங்கள். முந்தின கேஸின் ஒரு துணுக்கு மிதந்து ஒட்டினால் பி.சி.ஆர். அதையும் சேர்த்துப் படிக்கும். முதலில் வருகிற நல்ல முழு வெட்டு ஒன்று எச் அண்ட் ஈ-க்கு. அடுத்து மரபணு டெஸ்டுக்கு வேண்டியதைச் சுருளாக ட்யூபிலோ ஸ்டெயின் போடாத ஸ்லைடாகவோ எடுத்து வையுங்கள். பிறகு சார்ஜ்டு ஸ்லைடில் 15 வெற்று வெட்டு. கடைசியில் இன்னொரு எச் அண்ட் ஈ. முதல் வெட்டிலும் கடைசி வெட்டிலும் கட்டி இருந்தால்தான் நடுவில் இருப்பதிலும் இருக்கிறது என்று நம்பலாம். வெற்று ஸ்லைடைக் குளிரில், ஈரம் படாமல் வையுங்கள். மாதக்கணக்கில் அறை வெப்பத்தில் கிடந்தால் சில ஆன்டிஜென்கள் மங்கிவிடும்.

அடுத்த கேஸுக்கு: நான்கு கோரை ஒரே பிளாக்கில் போடாதீர்கள். இரண்டு இரண்டாகப் பிரித்தால் ஒரு பிளாக்கில் ஐ.எச்.சி. செய்து முடிக்கும்போது இன்னொன்று தொடாமல் இருக்கும். ஆகும் செலவு கூடுதலாக ஒரு கேசட்.

#4 இணைவுமரபணு
ஃபிஷ் (மரபணுவின் இருபுறமும் சிவப்பு, பச்சை ஒளிர்புள்ளி ஒட்டிப் பார்க்கும் டெஸ்ட்) மட்டும் செய்து நிறுத்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இ.டபிள்யூ.எஸ்.ஆர்.1 பிரேக்-அபார்ட் புரோப் அந்த மரபணு உடைந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லும், யாரோடு சேர்ந்தது என்று சொல்லாது. டெஸ்மோபிளாஸ்டிக் சிறு உருண்டைச் செல் கட்டி, கிளியர் செல் சார்கோமா, மயோஎபிதீலியல் கட்டி, ஆஞ்சியோமடாய்டு ஃபைப்ரஸ் ஹிஸ்டியோசைட்டோமா, சில மிக்ஸாய்டு லைப்போசார்கோமா என்று ஒரு வரிசையே அதே புரோபில் உடையும்.

எதிர்த்திசையிலும் தவறும். யூயிங்கில் சுமார் 85 சதவீதம் இ.டபிள்யூ.எஸ்.ஆர்.1, எஃப்.எல்.ஐ.1 இணைவு. சுமார் 10 சதவீதம் இ.ஆர்.ஜி.-யோடு. இந்த இரண்டாவதில் மரபணுக்கள் ஒன்றையொன்று எதிர்த்திசையில் பார்த்து நிற்பதால் எளிதான இடமாற்றம் போதாது. துண்டு திரும்பி, நுழைந்து, சிக்கலாகத்தான் இணையும். சிவப்பும் பச்சையும் கண்ணுக்குத் தெரிகிற அளவு விலகாது, ஃபிஷ் "நார்மல்" என்று வரும். யூயிங் போலவே இருந்து ஃபிஷ் நெகட்டிவ் என்றால் அதை நம்பி யூயிங்கை விலக்கவேண்டாம்.

கொஞ்சம் திசுதான் என்றால் ஆர்.என்.ஏ. இணைவுப் பேனல் ஒன்றே கட்டுப்படியாகும். ஒரே ஓட்டத்தில் இரு துணைகளும், உடைந்த எக்ஸானும் தெரியும். ரிப்போர்ட் வந்ததும் மூன்று பாருங்கள்: இணைவு ரீடிங் ஃபிரேமில் (புரதமாகப் படிக்கக்கூடிய வரிசையில்) இருக்கிறதா, எத்தனை தனித்தனி ரீடுகள் தாங்குகின்றன, பக்கத்து மரபணுவோடு சேர்ந்த ரீட்-த்ரூ மாதிரிப் போலியா. ஆர்.என்.ஏ. சிதைந்திருந்தால் "இணைவு இல்லை" என்று வந்தாலும் அது பதிலே அல்ல. டிவி200 எண்ணையும் (200 எழுத்துக்கு மேல் நீளமுள்ள ஆர்.என்.ஏ. துண்டுகளின் சதவீதம்) உள்கட்டுப்பாட்டு மரபணுக்களின் ரீடுகளையும் கேட்டு வாங்குங்கள். செத்த பகுதியைத் தவிர்த்து, உயிருள்ள கட்டியைப் பேனாவால் வட்டமிட்டு அனுப்பினால் பாதி வேலை முடிந்தது.

எலும்பிலிருந்து வந்த கோர் என்றால், டீகாலுக்கு (கால்சியத்தை நீக்கி மென்மையாக்க) நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பக்கம் போகவே கூடாது. சில மணி நேரத்திலேயே டி.என்.ஏ. நொறுங்கும், ஆர்.என்.ஏ. அதற்கும் முன்னால். நடுநிலை பி.எச். உள்ள இ.டி.டி.ஏ. மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் எல்லாம் மிஞ்சும். அதைவிட நல்லது, மென்மையான துண்டுகளைத் தனியே பொறுக்கி டீகால் போடாமலே ஒரு பிளாக் செய்வது.

#5 வாலும்காலும்
கால்நடை நோயியலிலிருந்து. நாய் உருண்டைச் செல் கட்டிகளில் எங்கள் பட்டியல் வேறு: லிம்ஃபோமா, மாஸ்ட் செல், ஹிஸ்டியோசைட்டோமா, பிளாஸ்மா செல், டி.வி.டி. எனப்படும் தொற்றுப் பிறப்புறுப்புக் கட்டி. இதோடு, வேடம் மாற்றி வரும் நிறமில்லா மெலனோமா. இங்கே முதல் கருவி பயாப்சி அல்ல, ஊசி சைட்டாலஜி (தனிச் செல்களை எடுத்து ஸ்லைடில் பார்ப்பது). 22 அல்லது 23 கேஜ், சிரிஞ்சை இழுக்காமல் குத்திக் குத்தி எடுப்பது. உருண்டைச் செல்கள் தானாகவே ஊசிக்குள் ஏறும். இழுத்தால் ரத்தம்தான் சேரும்.

மாஸ்ட் செல் கட்டியில் ஒரு பொறி உண்டு. வேகமாகச் செய்யும் டிஃப்-க்விக் வகைச் சாயத்தில் சில கட்டிகளின் துகள்கள் நிறமே ஏறாமல் போகும். கண்ணுக்கு ஹிஸ்டியோசைட் போல இருக்கும். சுற்றிலும் ஈசினோஃபில் சிதறிக் கிடந்தால் சந்தேகப்பட்டு, ரைட்-கீம்ஸாவோ டொலுயிடின் புளூவோ போட்டுப் பாருங்கள். கட்டியை அழுத்திப் பிசைந்தால் ஹிஸ்டமின் வெளியேறி அந்த இடமே வீங்கும். ஊசி போடும் முன்பே அதை எதிர்பார்த்திருக்கவேண்டும்.

டி.வி.டி. வேறு ரகம். அது அந்த நாயின் செல்லே அல்ல. ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்பு வாழ்ந்த ஒரு நாயின் செல்வழி, புணர்ச்சியிலும் நக்குவதிலும் மோப்பத்திலும் ஒட்டிப் பரவி இன்னும் உயிரோடிருக்கிறது. சாதாரண நாய்ச் செல்லில் 78 குரோமோசோம், இதில் பெரும்பாலும் 57 முதல் 59. சைட்டாலஜியில் வெளிர்நீலச் சைட்டோபிளாசத்தின் ஓரத்தில் ஊசியால் குத்திய மாதிரி வரிசையாகத் தெளிவான குமிழ்கள். பிறப்புறுப்பில் இருந்தால் யாரும் தவறவிடமாட்டார்கள். மூக்குக்குள்ளோ தோலிலோ மட்டும் வந்தால்தான் லிம்ஃபோமா என்று பெயர் வாங்கும். சந்தேகம் தீர, சி-மிக் மரபணுவுக்கு அருகே நுழைந்திருக்கும் லைன்-1 (இடம் தாவும் டி.என்.ஏ.) துண்டை பி.சி.ஆரில் பிடிக்கலாம். அந்த நுழைவு டி.வி.டி. செல்லில் இருக்கும், நாயின் சொந்தச் செல்லில் இருக்காது.

#6 இரண்டாமாண்டு
எங்களுக்கு வரும் சைட்டாலஜி ஸ்லைடுகள் சில நீலப்பச்சையாக, செல் விவரமே தெரியாமல் வருகின்றன. சாயம் பழசா?

#7 வாலும்காலும்
சாயத்தை மாற்றும் முன் பார்சலைப் பாருங்கள். ஃபார்மலின் டப்பாவும் சாயமிடாத ஸ்லைடும் ஒரே பெட்டியில் வந்திருக்கும். மூடி இறுக்கமாக இருந்தாலும் ஆவி கசியும், காற்றில் உலர்ந்த ஸ்மியரை அரைகுறையாகப் பதப்படுத்தும். அதன் பிறகு ரொமனோவ்ஸ்கி சாயம் (டிஃப்-க்விக், ரைட்-கீம்ஸா வகை) உள்ளே ஏறாது. அணுக்கரு, சைட்டோபிளாசம் இரண்டும் ஒரே பாசி நிறத்தில் குழம்பி நிற்கும், துகள் இருந்ததா இல்லையா என்றே சொல்லமுடியாது. திரும்பச் சாயம் போட்டும் மீளாது. ஸ்லைடுக்குத் தனிப் பெட்டி, தனிப் பார்சல். பயாப்சி எடுக்கிற அதே மேசையில் ஃபார்மலினைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்மியர் இழுப்பதும் கூடாது.

#8 திசுத்தடம்
ஃபார்மலின் பேச்சு வந்ததால்: 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின், திசுவைப் போல் குறைந்தது 10 மடங்கு. உள்ளே நுழைவது மணிக்குச் சுமார் 1 மி.மீ., ஆழம் போகப்போக இன்னும் மெதுவாக. பெரிய கட்டியை முழுசாக டப்பாவில் அடைத்தால் வெளியோடு பதமாகி நடு அழுகும். ஓரத்துக்கு மை தடவிவிட்டு, 5 மி.மீ. இடைவெளியில் ரொட்டி மாதிரி கீறி விடுங்கள். லிம்ஃபோமா சந்தேகம் இருந்தால் ஃபார்மலினுக்கு முன்பே ஒரு துண்டை ஆர்.பி.எம்.ஐ. திரவத்தில் (செல்லை உயிரோடு வைப்பது) ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு (செல்களை ஒவ்வொன்றாக வகை பார்க்கும் டெஸ்ட்) அனுப்புங்கள். #1-இல் அப்படி ஒரு துண்டு எடுத்திருந்தால் டி.டி.டி. பற்றிய கேள்வியே எழுந்திருக்காது.

#9 எலும்புவழி
அறுவை சிகிச்சைப் பக்கத்திலிருந்து. எல்லோரும் பிளாக்கைப் பற்றிப் பேசுகிறோம், கோர் எந்த வழியாக உள்ளே போனது என்று யாரும் கேட்கவில்லை. கை, கால் கட்டியில் ஊசி போன தடமும் பின்னால் கட்டியோடு சேர்த்து வெட்டி எடுக்கப்படவேண்டிய இடமாகவே கருதப்படுகிறது. ஆகவே இறுதி அறுவை செய்யப்போகிறவர்தான் தடத்தைக் குறிக்கவேண்டும். திறந்த பயாப்சி என்றால் கீறல் காலின் நீளவாக்கில், ஒரே தசைக்கூடத்துக்குள், நரம்பு-ரத்தக்குழாய்க் கட்டைத் தொடாமல். குறுக்குக் கீறல் போட்டால் பின்னால் எடுக்கவேண்டிய தோலின் அளவு எங்கேயோ போய்விடும். எலும்புக் கட்டி அறுவை நிபுணர் மான்கினின் குழு 1982-லும் 1996-லும் காட்டியது இதைத்தான்: சிகிச்சை நடக்கும் மையத்துக்கு வெளியே பயாப்சி எடுத்தபோது தவறும் சிக்கலும் பல மடங்கு. அந்தத் தவறுகளில் சில காலையே பறித்தன.

எம்.ஆர்.ஐ. பயாப்சிக்கு முன். பின்னால் எடுத்தால் ரத்தக்கட்டும் வீக்கமும் எல்லையைக் குழப்பும். படம் பார்க்காமல் ஸ்லைடை மட்டும் படித்தால் ஏமாற்றும் நோய் மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ் (தசைக்குள் எலும்பு உருவாகும், புற்றல்லாத கட்டி). நடுவிலிருந்து எடுத்த கோரில் செல்கள் வேகமாகப் பிரிந்துகொண்டு சார்கோமா போலவே இருக்கும். சி.டி.-யில் ஓரத்தில் முட்டையோடு மாதிரி முதிர்ந்த எலும்பு தெரியும். எலும்பு ஓரத்தில் முதிர்ந்து நடுவில் இளசாக இருந்தால் இது, தலைகீழாக இருந்தால் ஆஸ்டியோசார்கோமாவை நினைக்கவேண்டும். யு.எஸ்.பி.6 மரபணு இணைவு தெரிந்தால் சந்தேகம் தீரும்.

கழுத்தில் கரோட்டிட் பிரியும் இடத்திலோ வயிற்றுப் பின்சுவரிலோ ரத்தம் நிறைந்த கட்டி என்றால், ஊசி எடுப்பதற்கு முன் ரத்தத்தில் பிளாஸ்மா மெட்டாநெஃப்ரின் பாருங்கள். பாராகாங்லியோமாவை (அட்ரினலின் வகை ஹார்மோன் சுரக்கக்கூடிய கட்டி) தெரியாமல் குத்தினால் மேசையிலேயே ரத்த அழுத்தம் எகிறும்.

#10 வாலும்காலும்
மிருகங்களிலும் குத்தக்கூடாத இடம் உண்டு. நாயின் சிறுநீர்ப்பைக் கட்டியில் வயிறு வழியாக ஊசி விட்டால் தடத்தில் கட்டி முளைக்கும் ஆபத்து. சிறுநீரைப் பிடித்து பி.ஆர்.ஏ.எஃப். மரபணுவில் வி595இ மாற்றத்தைத் தேடலாம். மனிதரின் வி600இ-க்கு நாயில் இணையானது அதுதான். பாசிட்டிவ் என்றால் பலமான சாட்சி. நெகட்டிவ் என்றால் இல்லை என்று பொருளல்ல.

பூனையின் கால்விரல் வீங்கி நகம் கோணினால் விரலை வெட்டும் முன் மார்பு எக்ஸ்ரே. நுரையீரல் கார்சினோமா விரலுக்கு வந்து முதலில் தலைகாட்டுவது பூனைகளில் தெரிந்த விஷயம். மூச்சில் ஒரு குறையும் தெரியாது, நொண்டல் மட்டும்தான். பூனைக்கு ஊசி போட்ட இடத்தில் தடிப்பு என்றால் 3-2-1 விதி: 3 மாதம் தாண்டி நின்றாலோ, 2 செ.மீ. மீறினாலோ, ஊசி போட்டு 1 மாதத்துக்குப் பிறகும் வளர்ந்தாலோ பயாப்சி. அப்போதும் சிறு துண்டுதான். சுரண்டி எடுத்துவிட்டால் மிச்சம் முன்னைவிடப் பரவலாகத் திரும்பும்.

#11 அணிவரிசை
இவ்வளவு ஸ்டெயின் எதற்கு? மெத்திலேஷன் அரே (டி.என்.ஏ.-வில் ஒட்டிய மெத்தில் குறிகளைப் படிக்கும் டெஸ்ட்) ஒன்று போட்டால், அதன் வகைப்படுத்தி என்ற கணினி நிரல் பெயரே சொல்லிவிடும்.

#12 இணைவுமரபணு
உதவும், மறுக்கவில்லை. மூளைக் கட்டி வகைப்படுத்தி 2018-லும் சார்கோமாவுக்கானது 2021-லும் வெளியானபோது பெயரில்லாமல் கிடந்த பல கட்டிகளுக்கு இடம் கிடைத்தது. அதே ஓட்டத்தில் குரோமோசோம் நகல் எண் படமும் கிடைக்கிறது, அது பெரிய லாபம். ஆனால் அந்த வகைப்படுத்தி தனக்குப் பாடம் கற்பித்த வகைகளை மட்டும்தான் அறியும். உண்மையிலேயே அரிய கட்டி அதில் இல்லாமல் இருக்கலாம். மூளை வகைப்படுத்தியில் 0.9-க்குக் கீழே மதிப்பெண் வந்தால் அதைப் பெயராக எடுத்துக்கொள்ளக்கூடாது. மாதிரியில் கட்டி குறைந்து லிம்ஃபோசைட் நிறைந்திருந்தால் "அழற்சித் திசு" என்றும் சொல்லும், அரே தப்பாக வேலை செய்யவில்லை, கொடுத்தது அதுதான். #1-இல் இருக்கும் திசுவுக்கு அது முதல் தேர்வு அல்ல. மிருகத் திசுவுக்கு மனித அரேயைப் போட்டுப் படிக்கவும் முடியாது.

#13 திசுத்தடம்
"இல்லாமை"யைக் காட்டும் ஸ்டெயின்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் அரிய கட்டிகளில் பல அதை வைத்துத்தான் பிடிபடுகின்றன. எபிதீலியாய்டு சார்கோமாவிலும் ராப்டாய்டு கட்டியிலும் ஐ.என்.ஐ.1 புரதம் அணுக்கருவிலிருந்து காணாமல் போகும். எஸ்.டி.எச். என்ற நொதி குறைபாடுள்ள ஜி.ஐ.எஸ்.டி.-யிலும் (இரைப்பை, குடல் சுவரின் கட்டி) பாராகாங்லியோமாவிலும் அதன் பகுதியான எஸ்.டி.எச்.பி. காணாமல் போகும். கட்டி நிறமில்லாமல் இருப்பதைப் பார்த்ததும் எழுதிவிடாதீர்கள். 40 பொருளருகு லென்ஸில் கட்டிக்கு நடுவே ஓடும் மெல்லிய ரத்தக்குழாயைத் தேடுங்கள். அதன் உள்சுவர்ச் செல்லின் தட்டையான அணுக்கரு பழுப்பாக இருக்கவேண்டும், பக்கத்து லிம்ஃபோசைட்டும் அப்படியே. எஸ்.டி.எச்.பி. என்றால் அதே செல்களில் சைட்டோபிளாசத் துகள்கள். பழுப்புக் குழாய், வெளிறிய கட்டி: இது இழப்பு. குழாயும் வெளிறிப்போயிருந்தால் ஸ்டெயின் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். செத்த பகுதியில் இதைப் படிக்கவே கூடாது.

நட் கார்சினோமாவையும் (நட் மரபணு இணைவால் வரும் புற்றுநோய்) சேர்த்துச் சொல்கிறேன். மார்பு நடுவிலோ தலை-கழுத்திலோ, ஒரே மாதிரிச் செல்கள், நடுவில் திடீரென்று ஒரு கெராட்டின் தீவு. பி40 பாசிட்டிவ் என்பதால் ஸ்குவாமஸ் என்று முடித்துவிடுவார்கள். சிடி34 வந்தால் லுகேமியா என்றும் போய்விடலாம். நட் ஆன்டிபாடி அணுக்கருவில் புள்ளிப்புள்ளியாகப் பாதிக்கு மேற்பட்ட செல்களில் வந்தால் போதும், ஃபிஷ் கூட வேண்டியதில்லை. ஒரே ஸ்லைடு செலவு.

#14 வாலும்காலும்
அந்த உள்கட்டுப்பாட்டுப் பழக்கம் எங்களுக்கு இன்னும் அவசியம். மனிதருக்குச் செய்த ஆன்டிபாடி நாயில் ஒட்டும் என்ற உத்தரவாதம் கிடையாது. சிடி3 பாலிகுளோனல் (பல ஆன்டிபாடிகளின் கலவை) பல இனங்களில் வேலை செய்யும். சிடி79ஏ-வில் எச்.எம்.57 குளோன் (ஒற்றை வகை ஆன்டிபாடி) சரி. மனித சிடி20-க்கான எல்26 நாயில் ஒட்டாது, அதற்கு வேறு பாலிகுளோனல் உண்டு. எச்.எம்.பி.45-ஐ நம்பி நாய் மெலனோமாவை விலக்கவேண்டாம். மெலன்-ஏ, பி.என்.எல்.2, டி.ஆர்.பி.-1, டி.ஆர்.பி.-2 சேர்ந்த கலவை எவ்வளவோ மேல். எந்த ஸ்டெயினுக்கும் அதே இனத்தின் நார்மல் திசு பாசிட்டிவ் கட்டுப்பாடாக அதே ஸ்லைடிலேயே. முயலுக்கோ ஆமைக்கோ நெகட்டிவ் வந்தால், கட்டுப்பாடு இல்லாமல் அதற்குப் பொருளே இல்லை.

காட்டுவிலங்கில் விநோதக் கட்டி வந்தால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: இது தொற்றும் புற்றுநோயா? டாஸ்மேனியன் டெவிலின் முகக் கட்டி 1996-இல் முதலில் கண்ணில் பட்டது. ஷ்வான் செல் வழி என்பதால் பெரியாக்ஸின் ஸ்டெயின் அதைக் காட்டிக்கொடுக்கும். 2014-இல் அதே தீவில் இரண்டாவது, தனியாகத் தோன்றிய கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. முகத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, ஆனால் பெரியாக்ஸின் நெகட்டிவ், குரோமோசோமும் வேறு. சில மட்டிகளிலும் இப்படித் தொற்றும் புற்றுநோய் உண்டு. நிரூபிக்க வழி, கட்டியின் டி.என்.ஏ.-வையும் அதே விலங்கின் நல்ல திசுவின் டி.என்.ஏ.-வையும் பக்கத்தில் வைத்து மைக்ரோசாட்டிலைட் (ஆளுக்கு ஆள் நீளம் மாறும் டி.என்.ஏ. பகுதி) ஒப்பிடுவது. அதற்கு நல்ல திசு வேண்டும். கட்டியை மட்டும் வெட்டி அனுப்பினால் கேள்வி கேள்வியாகவே நிற்கும். காது நுனியில் ஒரு துண்டு எடுத்து 95 சதவீத ஆல்கஹாலில் போட்டு அனுப்புங்கள்.

#15 நீலச்செல்
நன்றி. வெற்று ஸ்லைடு எல்லாவற்றையும் ஒரே தடவையில் எடுத்தாயிற்று. டி.டி.டி., பாக்ஸ்5, சிடி3, மயோஜெனின் நான்கும் நெகட்டிவ், என்.கே.எக்ஸ்2.2 பரவலாகப் பாசிட்டிவ். ஆர்.என்.ஏ. போய்விட்டது, பதில் வர நாளாகும். புற்றுநோய் மருத்துவர் கீமோ தொடங்கக் காத்திருக்கிறார். இடைக்கால ரிப்போர்ட்டை எப்படி எழுதுவது?

#16 திசுத்தடம்
"சிறு உருண்டைச் செல் சார்கோமா, யூயிங் சார்கோமாவுக்கு உகந்த தோற்றம், மூலக்கூறு உறுதிப்படுத்தல் நிலுவையில்" என்று முதல் வரி. அடுத்த வரியில் விலக்கப்பட்டவை எவை, எந்த ஸ்டெயினால் என்று. அதற்கும் அடுத்ததில் இன்னும் விலக்கப்படாதவை: மீசன்கைமல் கான்ட்ரோசார்கோமா, சி.ஐ.சி., பி.சி.ஓ.ஆர். மரபணு மாறிய சார்கோமா வகைகள். மூன்றாவது வரியை விட்டுவிடாதீர்கள், கீமோவை முடிவு செய்பவர் தேடுவது அதைத்தான். எழுதிவிட்டு அவருக்குப் போனிலும் சொல்லுங்கள்.

இரண்டாவது கருத்துக்கு அனுப்பினால் ஸ்டெயின் செய்த எல்லா ஸ்லைடும், கட்டுப்பாட்டு ஸ்லைடுகளோடு, 10 வெற்று ஸ்லைடு, எம்.ஆர்.ஐ. படங்கள், வெறும் ரிப்போர்ட் அல்ல. வயது, இடம், ஆழம், அளவு, இதற்கு முன் கீமோ அல்லது கதிர்வீச்சு உண்டா என்ற குறிப்பு. பிளாக் உங்களிடமே இருக்கட்டும். கேட்டால் மட்டும், வெயிலில் உருகாதபடி குளிர் பேக்கோடு.

#17 மைக்ரோடோம்
அனுப்பும் முன் ஒவ்வொரு வெற்று ஸ்லைடிலும் வெட்டு எண்ணைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஆல்கஹாலில் அழியும். எட்டாம் வெட்டில் கட்டி தீர்ந்திருந்தால், ஒன்பதாவதில் வந்த நெகட்டிவை யாரும் நம்பாமல் இருக்க அந்த எண் வேண்டும்.